கண்ணுக்கேற்ற வெளிச்சம்

"பூச்சி பொட்டு கிடக்கும், லைட்டை எடுத்துக்கிட்டுப் போ." இருட்டிய பிறகு வாசல் தாண்டுகிற எவரையும் நம் கிராமத்து வீடுகளில் இப்படிச் சொல்லித்தான் அனுப்புவார்கள். இரவில் பாம்பின் பெயரைச் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தால் அது பூச்சியாகிவிட்டது. பெயரை மாற்றினாலும் எச்சரிக்கை மாறவில்லை. காலடியில் இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே அந்தச் சொல்லின் சாரம்.

நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போட வரப்பில் நடக்கும் உழவர், பஞ்சாலையில் ஷிப்ட் முடிந்து பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு திரும்பும் பெண், இரவுப்பணிக்குச் செல்லும் செவிலியர், கிடங்கைச் சுற்றிவரும் காவலாளி, விடியுமுன் தெருக் கூட்டக் கிளம்பும் தூய்மைப் பணியாளர் ஆகிய எல்லோருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். இவர்களில் பலரது கையில் இன்று இருப்பது செல்போன் விளக்கு மட்டுமே. அது ஒளிப்படம் எடுப்பதற்காக வைத்த விளக்கு. ஒளியைக் குவிக்கும் எதிரொளிப்பான் அதில் இல்லாததால், நாலைந்து மீட்டருக்கு அப்பால் அது எதையும் தெளிவாகக் காட்டாது. கை தவறினால் விளக்கும் போனும் ஒன்றாக உடையும். ஆபத்தில் 112ஐ அழைக்க வேண்டிய கருவியின் சார்ஜை வழிநெடுக எரித்துத் தீர்ப்பதும் சரியல்ல. இரவில் வேலை செய்கிறவருக்குத் தனியாக ஒரு சிறிய டார்ச் வேண்டும்.

கடைக்குப் போனால் குழப்பம் தொடங்குகிறது. உள்ளங்கை அளவு டார்ச்சின் பெட்டியில் 10,000 லூமென் என்று அச்சிட்டிருக்கும். பக்கத்தில் இருப்பதில் 300 என்றிருக்கும். பெரிய எண் பெரிய பாதுகாப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இருட்டில் பார்க்கும் வேலையைச் செய்வது கண்தான், டார்ச் அதற்குத் துணைக்கருவி. அந்தக் கண்ணின் இயல்பை அறிந்தால் எந்த எண்ணை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்பது தானே விளங்கும்.

கட்டை டார்ச்சிலிருந்து சில்லு வரை

கைடார்ச்சுக்கான அமெரிக்கக் காப்புரிமை ஒன்றை 1899 ஜனவரியில் டேவிட் மிசெல் என்பவர் நியூயார்க்கில் பெற்றார். ஒரு குழாய்க்குள் உலர் மின்கலங்கள், முனையில் ஒரு சிறு பல்பு, அதைச் சுற்றி எதிரொளிப்பான் என்பதே அமைப்பு. அக்காலத்துக் கரி இழை பல்பும் பேட்டரியும் தொடர்ந்து எரியத் தாங்கவில்லை. கொஞ்ச நேரம் எரித்து அணைத்து, ஓய்வு கொடுத்து மீண்டும் எரிக்க வேண்டியிருந்தது. மின்னி மறையும் விளக்கு என்பதால் அமெரிக்கர்கள் பிளாஷ்லைட் என்றார்கள். பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றிய நமக்கு அது டார்ச். முதலில் அதைக் கையில் வாங்கியவர்களில் நியூயார்க் காவலர்களும் உண்டு. பிறந்த நாளிலிருந்தே டார்ச் இரவுப்பணியாளரின் கருவிதான்.

நம் தாத்தாக்கள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு கட்டை டார்ச் தந்த ஒளி ஏறத்தாழ 10 முதல் 15 லூமென்தான். இன்றைய கணக்கில் அது மிகச் சொற்பம். ஆனாலும் அந்த வெளிச்சம் தென்னையின் உச்சிவரை எட்டியது. எப்படி எட்டியது என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

பெரிய மாற்றம் 1990களில் வந்தது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் வேலை பார்த்த சுஜி நாகமுரா 1993இல் பளிச்சிடும் நீல எல்.இ.டி.யை உருவாக்கிக் காட்டினார். அந்தத் துறையில் அவருக்கு முன்பிருந்தே உழைத்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் சேர்ந்து 2014இல் அவர் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் நிறம் உமிழும் பாஸ்பரைப் பூசினால் இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரியும். பழைய டார்ச் பல்பு ஒரு வாட் மின்சாரத்தில் 10 லூமென் அளவில் தந்தது. நல்ல எல்.இ.டி. 100 லூமெனுக்கும் மேல் தருகிறது. சட்டைப்பையில் அடங்கும் டார்ச் சாத்தியமானது இதனால்தான்.

இருட்டில் கண் செய்யும் வேலை

நம் விழித்திரையில் இருவகை ஒளியுணர் செல்கள் உள்ளன. கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 லட்சம். நிறத்தையும் நுட்பத்தையும் காட்டுபவை இவை, ஆனால் நல்ல வெளிச்சம் கேட்பவை. குச்சி செல்கள் ஏறத்தாழ 12 கோடி. இவற்றுக்கு நிறம் தெரியாது, ஆனால் மங்கலிலும் உருவத்தையும் அசைவையும் பிடித்துவிடும். இரவில் ஓரக்கண்ணில் ஏதோ அசைந்ததாகத் தோன்றுவது இவற்றின் வேலை.

குச்சி செல்களுக்குள் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதையும், இருட்டில் மெல்ல மெல்ல மீளும். முழுமையாக மீள 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். டியூப்லைட் எரியும் ஆலையிலிருந்தோ வார்டிலிருந்தோ வெளியே வந்ததும் தெரு கரியாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அந்த நிறமியைக் கட்ட வைட்டமின் ஏ தேவை. அது குறைந்தால் வருவது மாலைக்கண்.

இங்கேதான் பெரிய எண்ணின் சிக்கல் புரிகிறது. கண் கூசும் அளவுக்குப் பாதையில் ஒளியைக் கொட்டினால் கண்மணி சுருங்கும், குச்சி செல்களின் கூர்மை அடங்கும். ஒளிவட்டத்துக்குள் எல்லாம் பளிச்சென்று தெரியும். வட்டத்துக்கு வெளியே முன்பைவிடக் கறுத்துப்போகும். ஓரத்தில் நிற்கும் ஆளோ மாடோ தெரியாது. விளக்கை அணைத்துவிட்டால் சில நிமிடங்களுக்குக் கிட்டத்தட்டப் பார்வையே இருக்காது. நடப்பதற்கு வேண்டியது பாதையை மட்டும் காட்டி, ஓரப்பார்வையைக் கெடுக்காத மிதமான ஒளி.

வயதும் கணக்கில் வரும். மூப்பில் கண்மணி முன்போல விரியாது, விழிலென்ஸும் மஞ்சளிக்கும். அறுபது வயதுக்காரரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். இரவுக் காவல் வேலையில் இருப்பவர்களில் வயதானவர்கள் நிறையப் பேர். மகனுக்குப் போதுமான டார்ச் அப்பாவுக்குப் போதாமல் போகலாம்.

தென்னை உச்சியை எட்டிய ரகசியம்

ஒளியை அளக்க மூன்று அலகுகள் உண்டு. விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளிவரும் மொத்த ஒளி லூமென். ஒரு திசையில் அது எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பது கேண்டெலா. ஓர் இடத்தில் வந்து விழும் ஒளி லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ்.

தோட்டத்துக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது லூமென். குழாயின் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சும்போது நீர் எவ்வளவு தூரம் போகிறது என்பது கேண்டெலா. நீரின் அளவு அதேதான், குவித்ததால் தூரம் கூடியது. தாத்தாவின் டார்ச்சில் இருந்தது 10 லூமென் ஆனாலும், மிகச் சிறிய இழையின் ஒளியை அகன்ற எதிரொளிப்பான் ஒரே கீற்றாகக் குவித்தது. அதனால்தான் தென்னை உச்சி தெரிந்தது.

டார்ச்சுகளை அளப்பதற்கென்று 2009இல் அமெரிக்காவில் எப்.எல்.1 என்ற தரமுறையை வகுத்தார்கள். அதன்படி, ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் இடமே டார்ச்சின் எட்டும் தூரம். அது ஏறத்தாழ முழுநிலவின் வெளிச்சம். தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்ற விதியை வைத்துக் கணக்குப் போட்டால், கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 2,500 கேண்டெலா என்றால் வர்க்கமூலம் 50, தூரம் 100 மீட்டர். அந்த நூறாவது மீட்டரில் இருப்பது நிலவொளிதான். ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. பாதித் தூரமான 50 மீட்டரில் ஒரு லக்ஸ், 10 மீட்டரில் 25 லக்ஸ் கிடைக்கும். பெட்டியில் போட்ட தூரத்தில் பாதியைத்தான் உங்களுக்குப் பயன்படும் தூரமாகக் கொள்ள வேண்டும். எட்டும் தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு கேண்டெலா தேவை என்பதையும் இதே கணக்கு சொல்கிறது.

காலடிக்கு எவ்வளவு வேண்டும்? 100 லூமென் ஒளியை இரண்டு மீட்டர் அகலமுள்ள வட்டத்தில் பரப்பினால் தரையில் ஏறத்தாழ 30 லக்ஸ் விழும். முழுநிலவைப் போல நூறு மடங்குக்கும் மேல். கூம்பு செல்கள் விழித்து நிறம் பார்க்க அது தாராளம். நடப்பதற்கு 100 லூமென் போதும். தூரத்தில் நிற்பது யாரென்று பார்க்க மட்டும் அவ்வப்போது கூடுதல் ஒளி வேண்டும். அதற்கு 300 முதல் 500 லூமென் இருந்தால் போதுமானது. இரண்டும் ஒரே டார்ச்சில் கிடைக்கின்றன.

கண்ணாடிவிரியனும் காய்ந்த இலையும்

லூமெனைவிட நம் ஊருக்கு முக்கியமான ஒன்று உண்டு. அதைப் பெட்டியில் பெரிய எழுத்தில் யாரும் போடுவதில்லை. நிறத்தை உள்ளபடி காட்டும் திறன்தான் அது.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்டுக்கு 58,000 உயிர்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகச் சேர்த்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கே பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம். இவற்றில் கண்ணாடிவிரியன் ஆள் வந்தால் ஓடி ஒளிவதைவிட அசையாமல் கிடப்பதையே பெரிதும் நம்பும். பழுப்பு உடலில் கரும்பழுப்புச் சங்கிலி வட்டங்கள் இருப்பதால், காய்ந்த இலைக்கும் மண்ணுக்கும் நடுவே அது கரைந்துபோகும்.

டார்ச் அடித்தால் நாய், பூனை, மாட்டின் கண்கள் ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு இருப்பதால் ஒளி திரும்பி வருகிறது. சாலையில் படுத்திருக்கும் மாட்டைத் தூரத்திலேயே கண்டுகொள்ள இது உதவும். பாம்பின் கண் அப்படிக் காட்டிக்கொடுக்காது. அதை நிறத்தாலும் நிழலாலும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மலிவான எல்.இ.டி.களில் நீலம் மிகுதி, சிவப்பு குறைவு. அந்த ஒளியில் செம்மண், சருகு, பழுப்புத் தோல் எல்லாம் ஒரே சாம்பல் பூசியதுபோல் தெரியும். நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு, அதன் உச்சம் 100. சாதாரண டார்ச்சுகள் 70 அளவில் நிற்கும். 90க்கு மேல் உள்ளவற்றில் பழுப்பு வேறு, சிவப்பு வேறு என்று பிரிந்து தெரியும். கூடவே ஒளியின் நிறவெப்பநிலையையும் பாருங்கள். 6,500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. 4,000 முதல் 5,000 வரை இருந்தால் கண்ணுக்கு இதம், பூச்சிகளும் குறைவாக மொய்க்கும். இத்தகைய எல்.இ.டி.களில் லூமென் சற்றுக் குறையும். வயல் வழியே நடப்பவர் அந்த இழப்பைத் தயங்காமல் ஏற்கலாம்.

கடையிலேயே சோதித்துவிடலாம். உங்கள் உள்ளங்கையில் ஒளியை அடித்துப் பாருங்கள். ரத்த ஓட்டமுள்ள கை போல இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் நல்லது. வெளிறிப் பிணநிறமாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். ஒரு பொட்டுக் குங்குமமும் ஒரு சருகும் கையோடு கொண்டு போனால் சோதனை இன்னும் எளிது.

நிழலின் கதை டார்ச்சைப் பிடிக்கும் உயரத்தில் இருக்கிறது. நெற்றி லைட்டில் ஒளியும் பார்வையும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால், பொருளின் நிழல் அதன் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். மேடும் பள்ளமும் தட்டையாகத் தெரியும். அதே டார்ச்சை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்து முன்னோக்கி அடித்தால் ஒவ்வொரு கல்லும் நீண்ட நிழல் விழுத்தும். வரப்பின் குறுக்கே கிடப்பது வேரா வேறொன்றா என்பதை அந்த நிழல் சொல்லிவிடும். மழையிலும் பனியிலும் இதனால் இன்னொரு நன்மை உண்டு. நெற்றியில் எரியும் ஒளி நீர்த்துளிகளில் பட்டு நேரே கண்ணுக்குள் திரும்பும், தாழ்ந்த கையிலிருந்து போகும் ஒளி அவ்வளவு கூசாது.

பேட்டரி பொய் சொல்லாது

எந்த விளம்பரத்தையும் பிடித்துவிடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல சிறிய டார்ச்சுகளில் பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் அயான் மின்கலத்தைப் போடுகிறார்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்தப் பெயரின் பொருள். அதன் கொள்ளளவு 3,000 மில்லிஆம்பியர்-மணி என்றால், 3.6 வோல்ட்டால் பெருக்க, கிடைப்பது ஏறத்தாழ 10.8 வாட்-மணி ஆற்றல். வாட்டுக்கு 100 லூமென் என்று வைத்தால் மொத்தச் சேமிப்பு ஏறத்தாழ 1,080 லூமென்-மணி. அதை 1,000 லூமெனாக எரித்தால் ஒரு மணி நேரம் வரும், 100 லூமெனாக எரித்தால் பத்து மணி நேரம் வரும். இதற்கு மேல் எந்த மந்திரமும் இல்லை.

இப்போது அந்த 10,000 லூமென் பெட்டிக்குத் திரும்புவோம். அவ்வளவு ஒளிக்கு 100 வாட் மின்திறன் வேண்டும். அதில் பாதிக்கு மேல் வெப்பமாகும். வீட்டில் ரேடியோ பழுதுபார்க்கப் பயன்படும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், அதையே வெறுங்கையால் தொட முடியாது. ஒரு மின்கலத்தில் இயங்கும் உள்ளங்கை டார்ச் அந்த ஒளியைத் தருவதாகச் சொன்னால் அது பொய். 18650 மின்கலத்தின் மேல் 9,900 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தாலும் அதே கதைதான். அந்த அளவில் தரமான மின்கலம் 3,500 பக்கம்தான் கொள்ளும்.

உண்மையான டார்ச்சும் முழு ஒளியில் சில நிமிடங்களில் சூடாகி, தன்னைத் தானே குறைத்துக்கொள்ளும். அது பழுதல்ல, கையையும் எல்.இ.டி. சில்லையும் காக்கும் ஏற்பாடு. எரியும் நேரத்தையும் எச்சரிக்கையோடு படியுங்கள். எப்.எல்.1 முறையில், ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரத்தையே எரியும் நேரம் என்கிறார்கள். 1,000 லூமென், 3 மணி நேரம் என்றால் மூன்றாவது மணியில் உங்களிடம் இருப்பது 100 லூமெனாக இருக்கலாம்.

லித்தியம் மின்கலம் ஆற்றல் மிக்கது என்பதால் கவனமும் மிகுதியாக வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. உப்பியது, நசுங்கியது, மேலுறை கிழிந்தது எதையும் பயன்படுத்தக் கூடாது. பாதுகாப்புச் சுற்று உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மின்கலம் எங்கும் கிடைக்க வேண்டும் என்பவருக்கு சாதாரண ஏ.ஏ. அளவு டார்ச்சே வசதி, பெட்டிக்கடையிலும் கட்டை கிடைக்கும். அல்கலைன் கட்டையை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் காரம் கசிந்து டார்ச்சை அரித்துவிடும். மீண்டும் சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் வகை கட்டைகளில் அந்தத் தொல்லை குறைவு. மலிவான சார்ஜ் லைட்டுகளில் பலவற்றில் இருப்பது ஈய-அமில பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் போட்டுவைத்தால் அது விரைவில் செத்துவிடும்.

முதல் அழுத்து

பயம் வரும் நேரத்தில் விரல்கள் நுணுக்கமான வேலை செய்யாது. அதனால் டார்ச்சின் பொத்தானை அதன் ஒளியளவுக்கே முக்கியமாகக் கருத வேண்டும். ஒருமுறை அழுத்தினால் முழு ஒளி, இருமுறை அழுத்தினால் மிதமான ஒளி, அடுத்த அழுத்துக்குச் சிமிட்டல் என்று சுற்றிவரும் டார்ச்சுகள் நிறைய உள்ளன. ஆபத்தில் நான்கு தடவை அழுத்தி வேண்டிய ஒளியைத் தேட நேரமிருக்காது. முதல் அழுத்தில் நிலையான ஒளி வரும் டார்ச்சையே தேர்ந்தெடுங்கள். பொத்தான் வாலில் இருந்தால் கண்ணால் பார்க்காமலே கட்டைவிரல் அதைக் கண்டுபிடிக்கும். பைக்குள் தானாக எரிந்து சூடாகாமல் இருக்க, வால்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் மின்னிணைப்பு துண்டிக்கப்படும் வகை நல்லது.

தற்காப்புக்கு என்று விற்கும் டார்ச்சுகளில் வேகமாகச் சிமிட்டும் வசதியைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அதை நம்பி இறங்க வேண்டாம். சிமிட்டும் ஒளியில் எதிராளியின் அசைவும் தூரமும் உங்களுக்கே சரியாகத் தெரியாது. நொடிக்கு 15 முதல் 25 முறை சிமிட்டும் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்புள்ளவருக்கு வலிப்பை வரவழைக்கலாம். அடிப்பதற்கென்று முனையில் பற்கள் வைத்த டார்ச்சுகளும் வருகின்றன. ஒருவரை டார்ச்சால் அடிக்க வேண்டுமானால் அவர் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த நெருக்கம் வராமல் தடுப்பதற்குத்தானே டார்ச்.

நிலையான பலத்த ஒளி இருட்டில் பழகிய கண்ணில் நேரே பட்டால் கூசும். பிறகும் சில நொடிகளுக்குப் பார்வையில் ஒரு கறை நிற்கும். அந்த இடைவெளியில் விலகி ஓடலாம். ஆனால் குடிவெறியில் இருப்பவரையோ பலராக வருபவர்களையோ அது நிறுத்தும் என்று சொல்ல முடியாது. டார்ச் தரும் மெய்யான பாதுகாப்பு அதற்கு முன்பே வேலை செய்கிறது. நொடிக்கு ஐந்து மீட்டர் ஓடும் ஒருவரை ஐந்து மீட்டரில் கண்டால் உங்களுக்கு ஒரே நொடிதான். முப்பது மீட்டரில் கண்டால் ஆறு நொடி. திரும்பி வெளிச்சமுள்ள தெருவுக்குப் போக, கதவைத் தட்ட, 112ஐ அழைக்க ஆறு நொடியில் தொடங்கிவிடலாம். உன்னைப் பார்த்துவிட்டேன் என்று அந்தக் கீற்று எதிரே நிற்பவருக்கும் சொல்லிவிடுகிறது.

யாருக்கு எது

நகரத் தெருக்களில் நடக்கும் செவிலியருக்கும் ஆலைப் பெண்ணுக்கும் 100 கிராமுக்குள் எடை, 300 லூமென் பக்கம் ஒளி, 2,500 முதல் 5,000 கேண்டெலா, வாலில் பொத்தான் என்றால் நிறைவு. பைக்கு அடியில் அது கிடந்து பயனில்லை. வாயிலைத் தாண்டும்போதே கையில் இருக்க வேண்டும்.

உழவருக்குத் தூரத்தைவிட அகலமும் நிறமும் முக்கியம். சி.ஆர்.ஐ. 90க்கு மேல், 100 லூமெனில் இரவு முழுக்க எரியும் 18650 டார்ச் நல்லது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கும்போது இரண்டு கையும் வேண்டும் என்பதால் கூடவே ஒரு நெற்றி லைட்டும் இருக்கட்டும். நடக்கும்போது கைடார்ச், வேலை செய்யும்போது நெற்றி லைட். கணுக்கால் மறையும் காலணி இல்லாமல் எந்த டார்ச்சும் முழுக் காவலாகாது. மீறிக் கடித்துவிட்டால் கட்டு இறுக்கவோ கீறவோ உறிஞ்சவோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு நேரே போக வேண்டும்.

பெரிய வளாகத்தைச் சுற்றிவரும் காவலாளிக்குக் குவிந்த கீற்று தேவை. 10,000 கேண்டெலா உள்ள டார்ச் கணக்குப்படி 200 மீட்டர் எட்டும். நூறு மீட்டரில் ஆளைக் காண அது உதவும்.

சாலையில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளரின் நிலை வேறு. அவர் பார்ப்பதைவிட, வண்டி ஓட்டுகிறவர் அவரைப் பார்ப்பது முக்கியம். வந்த திசைக்கே ஒளியைத் திருப்பி அனுப்பும் நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த பட்டைகள் அவர் மேலாடையில் இருக்க வேண்டும். முதுகுப்பக்கம் சிமிட்டும் ஒரு சிவப்பு விளக்கும் வேண்டும். சிமிட்டலுக்கு உரிய இடம் இதுதான்.

எல்லோருக்கும் பொதுவாக இரண்டு குறியீடுகள். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் மழைத்தூறல் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் நீர் புகாது. வாய்க்காலில் தவறி விழக்கூடிய டார்ச்சுக்கு இரண்டாவதே பொருத்தம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விழுந்தாலும் தாங்கும் என்ற உறுதியும் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சீருடையோடு ஒரு விளக்கு

தெருவிளக்கு எரிய வைப்பது உள்ளாட்சியின் கடமை. டார்ச் வைத்திருப்பதால் அந்தக் கடமை குறைந்துவிடாது. இரவில் ஆட்களை வேலைக்கு வைக்கும் ஆலைகளும் மருத்துவமனைகளும் ஒப்பந்ததாரர்களும் சீருடையோடும் அடையாள அட்டையோடும் நல்ல டார்ச் ஒன்றையும் தர வேண்டும். இரவில் உழைப்பவர் தன் கூலியிலிருந்து வெளிச்சம் வாங்கும் நிலை முறையல்ல.

நம் கையில் இருப்பதை நாமும் செய்வோம். டார்ச்சுக்கு வீட்டில் ஒரே இடம் இருக்கட்டும், கதவருகே ஓர் ஆணி போதும். மாதத்தின் முதல் நாள் சார்ஜ் பாருங்கள். இன்றிரவே விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, உங்கள் வீட்டு டார்ச்சை இருட்டில் தடவி எடுத்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். முதல் அழுத்தில் அது எரியவில்லை என்றால், இரவு வேலைக்குப் போகிற உங்கள் வீட்டு மனிதருக்கு நாளைக் காலையே வேறொன்று வாங்கிக் கொடுங்கள்.